மூன்று வருடம் பார்த்த முதுகு

அறுவை சிகிச்சையைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்பார் எங்கள் பேராசிரியர். ஆனால் பார்க்க விடமாட்டார். நோயாளியின் வாய்க்கும் எங்கள் கண்ணுக்கும் நடுவே அவருடைய அகலமான முதுகு வந்து நின்றுகொள்ளும். வாய், தாடை அறுவை சிகிச்சையில் நான் மேற்படிப்புப் படித்த மூன்று வருடமும் அந்த முதுகைத்தான் பார்த்தேன். கவுனின் நாடாவை அவர் எந்தப் பக்கம் முடிச்சுப் போடுவார், எந்த இடத்தில் முதலில் வியர்க்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அந்தப் பக்கம் அவருடைய கைகள் என்ன செய்தன என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

கல்லூரி தண்டலத்துக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருந்தது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள் அவை. சுற்றிலும் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வருடமும் புது மாணவர்கள் சேரும் நாளில் பேராசிரியர் ஒரே பேச்சைப் பேசுவார். "உங்க அப்பா உங்களுக்கு உயிர் கொடுத்தார். நான் உங்களுக்குக் கை கொடுக்கிறேன்." பெற்றோர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அந்தக் கையைக் கொண்டு நான் செய்தவை: அவருடைய பெட்டியைக் காருக்குத் தூக்கிப் போனது, சாயங்காலம் அவருடைய சொந்த கிளினிக்கில் எச்சில் உறிஞ்சும் குழாயைக் கழுவி வைத்தது, அவர் மகளின் பள்ளிக்கூடக் கண்காட்சிக்குக் களிமண்ணில் எரிமலை செய்து கொடுத்தது. எரிமலைக்கு முதல் பரிசு கிடைத்தது. அதற்குக்கூட அவர் என்னிடம் நன்றி சொல்லவில்லை. குழம்பு இன்னும் கொஞ்சம் சிவப்பாக இருந்திருக்கலாம் என்றார்.

நான் கற்றுக்கொண்டது நெடுஞ்சாலையிடம். பைக்கில் விழுந்தவர்கள், லாரியில் மோதியவர்கள் என்று தாடை உடைந்து வந்துகொண்டே இருப்பார்கள். அவர்களைப் பேராசிரியர் தொடமாட்டார். சட்டையில் ரத்தமும் மண்ணும் இருக்கும், சிலரிடம் சாராய வாடையும் அடிக்கும். "நீங்களே பாத்துக்கங்க" என்று போய்விடுவார். பற்களின் மேல் உலோகப் பட்டையை வைத்து மெல்லிய கம்பியால் இறுக்கி, மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் சேர்த்துக் கட்டுவதுதான் வைத்தியம். எலும்பு கூடும்வரை வாயைத் திறக்க முடியாது. புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, விரலெல்லாம் கம்பி குத்தி, அதை நானாகவே பழகிக்கொண்டேன்.

கடைசி வருடத்தில் ஒருநாள், இளம் பல் மருத்துவர்களுக்கு வழிகாட்டும் முகாம் என்று வாசலில் பேனர் கட்டினார்கள். பேனரில் பாதி இடத்தைப் பேராசிரியரின் முகம் எடுத்துக்கொண்டது. காஞ்சிபுரம், வாலாஜாபாத், பூந்தமல்லி பக்கம் புதிதாக கிளினிக் திறந்தவர்கள் வந்து விரிவுரைக் கூடத்தில் உட்கார்ந்தார்கள். அடுத்த அறையில் பேராசிரியர் கடைவாய் ஞானப்பல் ஒன்றை எடுப்பார். அவர் கோட்டில் மைக்கைக் குத்தி, எதிரே கேமராவை நிறுத்தி, கூடத்தில் டிவியில் காட்டுவார்கள். கேமராவுக்காக அன்றைக்கு மட்டும் அவர் முதுகை விலக்கி ஓரமாக நின்றார். மூன்று வருடத்தில் முதல் முறையாக அவர் கைகளை அன்றுதான் பார்த்தேன்.

நாற்காலியில் இருந்தவனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து, கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் இருந்தான். பிள்ளைப்பாக்கத்தில் ஊர்க்காரப் பையன்களோடு ஒரே அறையில் தங்கியிருந்தான். இலவசமாகப் பல் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்லி வந்தவன்.

பல் எலும்புக்குள் ஆழமாகப் படுத்துக்கிடந்தது. எலும்பைக் கொஞ்சம் செதுக்கி, பல்லைத் துண்டாக்கி, துண்டு துண்டாக எடுக்க வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும். கேமரா ஓடும்போது பேராசிரியருக்குப் பொறுமை வரவில்லை. "அனுபவம் இருந்தா டிரில் தேவையில்ல" என்று மைக்கில் சொல்லிவிட்டு, பல்லை நெம்பும் கருவியைச் சொருகி மணிக்கட்டை முறுக்கினார்.

படக்கென்று ஒரு சத்தம். மைக் அதைப் பக்கத்துக் கூடம் முழுக்கக் கொண்டுபோயிற்று.

"இதுதான் பல் ரெண்டா பிரியற சத்தம், கவனிங்க" என்றார் பேராசிரியர்.

அது தாடை உடைந்த சத்தம். உடைந்த தாடைகளைக் கட்டிக் கட்டிப் பழகிய எனக்கு அது ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தேன், அவருக்கும் தெரிந்திருந்தது. மைக்கைக் கழற்றினார். "மிச்சத்தை என் மாணவி முடிப்பாங்க. நான் எப்பவும் இளையவங்களுக்கு வாய்ப்புக் கொடுப்பேன்" என்று கேமராவைப் பார்த்துச் சொன்னார். நெம்பும் கருவியை என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த அறையில் கைதட்டினார்கள். மூன்று வருடமாக என்னை ஒரு பல்லைக்கூட எடுக்க விடாத மனிதர், எனக்குக் கொடுத்த முதல் வாய்ப்பு அது.

கேமராவை நிறுத்தச் சொன்னேன். மரத்துப்போன வாயோடு பையன் கேட்டான்.

"என்னமோ ஒடஞ்ச மாதிரி கேட்டுச்சே மேடம்."

"தாடை எலும்பு உடைஞ்சிருக்கு தம்பி. சரி பண்ணிடலாம். ஆனா கொஞ்ச நாள் வாயைக் கட்டிப் போடணும்."

அவன் கூரையைப் பார்த்தான். பிறகு, "பல்லு வலிக்குன்னுல்லா வந்தேன்" என்றான்.

மிச்சமிருந்த பல்லைத் துண்டு போட்டு எடுத்தேன். பற்கள் சரியாகப் பொருந்துகின்றனவா என்று திரும்பத் திரும்பப் பார்த்து, கம்பி கட்டினேன். முடியும்போது மத்தியானம் ஆகிவிட்டது. முகாமுக்கு வந்தவர்கள் பேராசிரியரோடு போட்டோ எடுத்துக்கொண்டு பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

வார்டு ஆயா பக்கத்து ஊர்க்காரம்மா. கம்பெனிக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு இங்கே வேலைக்கு வந்தவர். என் முகத்தைப் பார்த்து, "இன்னாத்துக்கு கண்ணு மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு கீற?" என்றார். "பல்லு புடுங்க வந்தவன் தாடைய ஒடச்சி அனுப்புறாரு. அதுக்கு மைக்கு ஒண்ணு கேடு. பையனுக்கு வூட்லேந்து கஞ்சி கொண்டாறேன், போ." கொண்டுவந்தார். அந்தத் துறையில் அன்று நோயாளியைப் பற்றி யோசித்த ஒரே மூத்தவர் அவர்தான்.

மறுநாள் பேராசிரியர் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"பேஷண்ட்கிட்ட என்னம்மா சொன்ன?"

"தாடை உடைஞ்சிடுச்சுன்னு சொன்னேன் சார்."

"யாரு உடைச்சாங்கன்னு சொன்னியா?"

"அவரே அங்கதானே சார் இருந்தாரு."

பேனாவைத் திறந்து மூடினார். "அவனுக்கு எலும்பு பிறவியிலயே வீக். அப்படித்தான் சொல்லணும்."

"எக்ஸ்ரேயில எலும்பு நல்லாத்தான் இருக்கு சார்."

"எக்ஸ்ரே பாக்க உனக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?"

"யாரும் சொல்லிக் கொடுக்கல சார்."

அதோடு என்னை அறுவை அறையிலிருந்து எடுத்து வெளிநோயாளிகளுக்குச் சீட்டுப் போடும் மேசையில் உட்கார வைத்தார். அதை அவர் தண்டனை என்று நினைத்தார். முதுகைப் பார்க்காமல் இருக்கலாம் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

அந்தப் பையனை மட்டும் நான் விடாமல் பார்த்துவந்தேன். அவனைத் தங்கும் அறைக்கு அனுப்பும்போது எனக்கு ஒரு பயம் இருந்தது. வாய் கட்டியிருக்கும்போது வாந்தி வந்தால் மூச்சு அடைக்கும், உடனே கம்பியை வெட்ட வேண்டும். அவன் அறைப் பையன்களை வரச் சொன்னேன். ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு வந்தார்கள். எந்தக் கம்பியை வெட்ட வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று பிளாஸ்டிக் தாடையில் காட்டினேன். அவர்கள் முன்னால் நான் ஒதுங்கி நின்றேன், எல்லாருக்கும் தெரியும்படி. ஆளுக்கொரு தடவை வெட்டிப் பார்த்தார்கள். ஒருவன் தப்பாக வெட்டினான். "மறுபடி செய்யுதேன் மேடம்" என்று அவனாகவே கேட்டு வாங்கிச் சரியாக வெட்டினான். அந்தக் கல்லூரியில் நான் கண்ட ஒழுங்கான வகுப்பு அது ஒன்றுதான். அதற்குப் பேனர் இல்லை.

நல்லவேளை, வெட்ட வேண்டி வரவில்லை. காண்ட்ராக்டர் மட்டும், கை நன்றாகத்தானே இருக்கிறது என்று அவனை ஒரு வாரத்தில் கம்பெனி லைனில் மறுபடி நிற்க வைத்துவிட்டான். கஞ்சியும் பாலும் குடித்துக்கொண்டு வேலை செய்தான். ஒவ்வொரு முறை வரும்போதும் கன்னம் இன்னும் ஒட்டியிருக்கும்.

கம்பியைக் கழற்றும் நாளில் பேராசிரியர் புது மாணவர் கூட்டத்தோடு வந்துவிட்டார். யார் சொன்னார்களோ. கழற்றி முடித்ததும் என்னைத் தள்ளிவிட்டு, பையனின் மோவாயைப் பிடித்துத் தூக்கினார். ஒரு மாநாட்டில் இந்தக் கேஸைக் காட்டப் போகிறாராம், போட்டோ வேண்டுமாம்.

"பாருங்க, எவ்வளவு கச்சிதமா சேர்ந்திருக்கு. சிக்கலான கேஸ். நான் வழிகாட்டி, நம்ம டிபார்ட்மெண்ட்ல செஞ்சது. தம்பி, நல்லா சிரி."

பையன் சிரிக்கவில்லை. வாயை மெல்லத் திறந்து மூடிப் பார்த்தான். பிறகு நிதானமாக, சத்தம் போடாமல் கேட்டான்.

"ஒடச்சது நீங்கதான சார்?"

புது மாணவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேராசிரியர் ஒரு நிமிடம்கூடத் தடுமாறவில்லை. மாணவர்கள் பக்கம் திரும்பி, "பேச்சு எவ்வளவு தெளிவா வருது, நோட் பண்ணிக்கங்க" என்றார். இரண்டு பேர் நோட் பண்ணிக்கொண்டார்கள்.

அதுவரை எனக்கு அவர் மேல் கொஞ்சம் பயம் மிச்சமிருந்தது. அந்த இரண்டு பேரும் குனிந்து எழுதியதைப் பார்த்தபோது அது போய்விட்டது. தாடை உடைந்ததற்காகக்கூட அவரை மன்னித்திருப்பேன். யாருக்கும் கை தவறலாம். ஆனால் அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்தக் கூட்டம் அன்று உருப்படியாக ஒன்றைக் கற்றுக்கொண்டிருக்கும்.

மாநாட்டில் அவருக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர்கள் என்னைத் தேர்ச்சி பெறச் செய்தார்கள். இன்று நல்ல ஆசான் என்று அவரைப் பற்றி மேடைகளில் பேசுகிறார்கள். பேசுகிறவர்களில் அந்த இரண்டு பேரும் உண்டு.

நான் ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் மாடியில் ஒரு கிளினிக் போட்டேன். அடுத்த வருடம் அந்தத் தாடை உடைந்த பையன் ஒரகடத்தில் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டான், உடம்பு தேறியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கன்னம் வீங்கிய அறைத்தோழன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு படியேறி வந்தான். கன்னம் வீங்கியவன் நாற்காலியில் உட்கார மறுத்து, கதவுப் பக்கமே நின்றான்.

"அந்த சார் இங்க வருவாரா மேடம்?"

"வரமாட்டார்."

"எப்பவுமே?"

"எப்பவுமே."

சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்தான்.