உப்புக்கு நாலு டேக்

போன வாரம் செவ்வாய்க்கிழமை நான் டி.வி.யில் சமைத்தேன். சிரிக்காதீர்கள்.

உள்ளூர் கேபிள் சேனல்தான். பாண்டியைத் தாண்டினால் தெரியாது. ஆனாலும் டி.வி. டி.வி.தானே! வாராவாரம் பத்தி எழுதுகிற அம்மாவுக்குச் சமைக்கவும் தெரியுமா என்று பார்க்க ஆசைப்பட்டார்களோ என்னவோ, கூப்பிட்டார்கள். நானும் பிகு பண்ணாமல் ஒப்புக்கொண்டேன்.

என்ன சமைப்பது? வெங்காய வடகம் தாளித்த இறால் தொக்கு. காலையிலேயே குருசுக்குப்பம் போய் இறால் வாங்கி, சுத்தம் பண்ணி, ஐஸ் பெட்டியில் போட்டுக்கொண்டு கிளம்பியாச்சு. பட்டுப்புடவை வேறு. இறால் சமைக்கப் பட்டுப்புடவையா என்று கேட்காதீர்கள்... டி.வி. ஆச்சே.

ஸ்டூடியோ என்பது தட்டாஞ்சாவடியில் ஒரு பழைய ஷெட். உள்ளே போனால் பளபளவென்று ஒரு கிச்சன். குழாயைத் திறந்தேன், தண்ணீர் வரவில்லை. பின்னால் பைப்பே இல்லையாம். அடுப்பு மட்டும் நிஜம்.

என்னோடு நின்று பேச ஒரு பெண் வந்தாள். பேர் பர்வீன். காலாப்பட்டில் எம்.ஏ. படிக்கிறாள்.

"இன்னிக்குத்தான் மேம் ஃபர்ஸ்ட் ஷூட்டிங். ட்ரையல். நல்லா பண்ணாதான் வேலைல வச்சுப்பாங்க. வீட்ல யாருக்கும் இஷ்டமில்ல. எங்க அத்தா மட்டும்தான் ஒரு வாட்டி போய்ப் பாருன்னு அனுப்பினாரு. சொதப்புனா அதோட முடிஞ்சுது" என்றாள். கையைப் பிடித்தேன், சில்லிட்டிருந்தது. "நான் இருக்கேன்ல, பயப்படாத" என்று பெரிய மனுஷியாகத் தைரியம் சொன்னேன்.

சமையல் ஆரம்பித்தது. வெங்காயம், தக்காளி எல்லாம் ஒரே டேக்கில் ஓகே. இறாலைப் போட்டேன். உப்பு போட்டேன்.

"கட்! மேம், வளையல் சத்தம் கேக்குது. கழட்டிட்டு மறுபடி உப்பு போடுங்க" என்றார் டைரக்டர். முப்பது வயசுகூட இருக்காது. போட்டேன்.

"கட்! ஆவி லென்ஸ்ல அடிச்சிருச்சு. ஒன் மோர்." போட்டேன்.

"இப்ப கை மட்டும் க்ளோஸ்-அப். தாராளமா போடுங்க மேம், கேமராவுக்குத் தெரியணும்ல." தாராளமாகவே போட்டேன்.

போடுகிற மாதிரி நடித்தால் போதும் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அடுப்பில் சட்டி, கையில் உப்பு — போடாமல் வேறென்ன செய்வது? எங்கள் வீட்டில் சமைக்கும்போது ருசி பார்க்கிற வழக்கமும் கிடையாது. வாசனையை வைத்தே உப்பைச் சொல்லிவிடுவேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறவள் நான்.

தட்டில் வைத்து, கொத்தமல்லி தூவி, பர்வீனிடம் நீட்டினேன். ஒரு ஸ்பூன் வாயில் போட்டாள். "வாவ் மேம்... சூப்பர்!" என்றாள். கண் கலங்கியது. முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

"கட்! என்னம்மா மூஞ்சி இது? கஷாயம் குடிச்ச மாதிரி! சந்தோஷமா சாப்பிடு."

இரண்டாவது ஸ்பூன். மூன்றாவது. முகம் இன்னும் கோணியது. "இந்தப் பொண்ணு தேறாது. அடுத்த எபிசோடுக்குப் பழைய ஆங்கரையே கூப்பிடுங்கப்பா" என்று டைரக்டர் கேமராமேனிடம் சொன்னது எங்கள் இரண்டு பேர் காதிலும் விழுந்தது.

நியாயமாக எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்ததோ கோபம்! என் தொக்கைத் தின்றுவிட்டு இப்படி ஒரு மூஞ்சியா? "ஏம்மா, புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லேன்" என்று சுள்ளென்று கேட்டுவிட்டேன்.

"ஐயோ, இல்ல மேம்... நல்லாருக்கு மேம்" என்று நாலாவது ஸ்பூனை எடுத்தாள். கண் தண்ணீர் பாட்டிலைத் தேடியது.

அப்போதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. வேறொரு ஸ்பூனில் எடுத்து நானும் ஒரு வாய் போட்டுக்கொண்டேன். அம்மாடி! கடல்தண்ணி தேவலாம்.

இதையா மூன்று ஸ்பூன் விழுங்கிவிட்டு சூப்பர் என்றாள்? வெட்கத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது. பேசாமல் இருந்துவிடலாமா என்றும் ஒரு நிமிஷம் யோசித்தேன், மறைப்பானேன். டி.வி.யில் உப்பு தெரியாதே! என் மானம் தப்பித்துவிடும். போகப்போவது அவள் வேலைதான்.

மனசு கேட்கவில்லை. "தம்பி, அவ மூஞ்சி மேல தப்பில்ல. நான்தான் உப்ப நாலு வாட்டி கொட்டிட்டேன். நீங்களே ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க" என்றேன்.

சாப்பிட்டார். அவர் மூஞ்சி போன போக்கைத்தான் படம் பிடித்திருக்க வேண்டும்!

மறுபடி சமைக்க இறால் இல்லை. "யாருக்குத் தெரியப்போவுது மேம், சூப்பர்னே போயிடலாம்" என்றார்.

"வேணாம். அவ வாய்க்கு என்ன தோணுதோ அத அவ சொல்லட்டும். சிரிச்சா என்னப் பாத்து சிரிக்கட்டும்" என்றேன்.

கேமரா ஓடியது. பர்வீன் ஒரு துளி எடுத்து வாயில் வைத்தாள். இந்தத் தடவை முகத்தை அடக்கவில்லை. "இறால் பதமா வெந்திருக்கு மேம். வடகம் வாசனை அள்ளுது. ஆனா உப்பு... ரொம்ப ஜாஸ்தி மேம்!" என்றாள். அப்புறம் நேராகக் கேமராவைப் பார்த்து, "நேயர்களே, நீங்க ஒரே ஒரு வாட்டி போடுங்க, போதும்."

யூனிட்டே சிரித்தது. டைரக்டர் கட் சொல்லவும் மறந்து சிரித்தார். "அடுத்த எபிசோடுக்கும் நீயே இரும்மா" என்றார். பர்வீன் என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்வதற்கென்ன.

யோசித்துப் பாருங்கள். நாம் சொல்கிற சூப்பருக்கும் நாக்குக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? வேலைக்காக ஒரு சூப்பர், உறவுக்காக ஒரு சூப்பர், சீக்கிரம் கிளம்பணுமே என்று ஒரு சூப்பர்...

ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி வந்தது. நானும் வீட்டுக்காரரும் சோபாவில் உட்கார்ந்து பார்த்தோம். கல்யாணமான நாளிலிருந்து என் சமையலை "நல்லாருக்கு" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லாத மனுஷர். பர்வீன் "உப்பு ரொம்ப ஜாஸ்தி" என்றதும் மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தேன்.

"தைரியமான பொண்ணு" என்றார்... ஒரு பெருமூச்சோடு.