ஜவ்வாது மலையில் பதினோரு மணிச் சாப்பாடு

பங்குனியில் ஜவ்வாது மலைக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் எண்பதுகளின் தொடக்கத்தில், சத்துணவு வந்த புதிதில், நான் போய் மாட்டிக்கொண்ட கதையைப் படித்துவிட்டுப் போங்கள்.

நான் படித்தது எட்டாவது வரைதான். ஆனால் சந்தவாசலில் புளி வியாபாரம் செய்த எனக்குத் தெரியாத மலையூர் கிடையாது. அதனால்தான் டில்லியிலிருந்து விமலா அம்மா வந்தபோது ஊரே என்னைக் கைகாட்டியது. அவர் மதராஸ்காரர். ஊர் ஊராகப் பள்ளிக்கூடச் சாப்பாட்டைப் பார்த்து எழுதுவது வேலை. அதை வைத்துத்தான் நாடு முழுக்கப் பிள்ளைகளுக்குச் சோறு போடுவதா என்று டில்லியில் முடிவெடுப்பார்களாம். அதாவது, பாரதத்தின் சோற்றுப்பானையே அன்று என் பொறுப்பில்.

போளூரில் காலை 7 மணி மலை பஸ். டிக்கெட் மூன்று ரூபாய் இருபது காசு. நாற்பது கிலோமீட்டர், எழுபது வளைவு (எண்ணிப் பார்த்தவர்கள் குறைத்துச் சொல்வார்கள்). 9.30க்கு ஜமுனாமரத்தூர். அங்கிருந்து பள்ளிக்கூடம் எட்டு கிலோமீட்டர். ஜீப்புக்கு நாற்பது ரூபாய், முக்கால் மணி நேரம்.

அம்மாவுக்கு அன்று மாலை காட்பாடியில் ரயில். அதற்கு 1.30 பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். அதனால் முந்தின நாளே ஆள் அனுப்பி, "மேலிடத்து உத்தரவு, சாப்பாடு பதினோரு மணிக்கே" என்று சொல்லிவைத்திருந்தேன்.

சமையல்காரி சின்னப்பாப்பா அறுபது பிள்ளைக்குச் சோறு வடித்துவைத்திருந்தது. உட்கார்ந்திருந்தது ஒன்பது பேர். விமலா அம்மா கையோடு கொண்டுவந்த தராசில் ஒரு தட்டுச் சோற்றை எடை போட்டார், பதிவேட்டில் அறுபது பெயரைப் பார்த்தார், நோட்டில் 9 என்று எழுதினார். பொய்க்கணக்கு என்று டில்லிக்குப் போய்விட்டால் பள்ளிக்கூடத்து அடுப்பே அணைந்துவிடும்.

சின்னப்பாப்பா என்னை அடுப்படிக்கு இழுத்தது. "இன்னாண்ணா உன் உத்தரவு? காலைல புள்ளைங்கல்லாம் புளி பொறுக்கப் போயிருக்குங்க. பன்னண்டரைக்குத்தான் வரும். புளி யாவாரி நீ, உனுக்குத் தெரியாதா?"

"அந்தம்மாகிட்ட சொல்லேன்."

"சொன்னா காலைல பாடமில்லன்னு வாத்தியாருக்கு வேல போயிடும். நீ இன்னா வேணாப் பண்ணு, அந்தம்மாவ நிறுத்து."

மணி 11.50. 12.15க்கு ஜீப் கிளம்பும். நான் போய் முன் டயரின் காற்றை இறக்கினேன். ஸ்டெப்னி இருப்பது அப்புறம்தான் உறைத்தது. பின் டயரையும் இறக்கினேன்.

ஜீப்புக்குள் தூங்கிக்கொண்டிருந்த டிரைவர் அமீர் கண்விழித்தார். "இன்னா நைனா, டயரு உனுக்கு இன்னா பாவம் பண்ணுச்சு?"

"சும்மா கிட. டில்லி விஷயம்."

விமலா அம்மா வாசலில் நின்று கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கரடி துரத்தியபோதுகூட எனக்கு நெஞ்சு அப்படி அடித்ததில்லை. பன்னிரண்டு இருபது. இருபத்தைந்து. சரிவில் ஒரு தலை தெரிந்தது. அப்புறம் மூன்று. அப்புறம் எண்ண முடியவில்லை. புளி ஒட்டிய கையோடு தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

விமலா அம்மா ஒவ்வொரு தலையாக எண்ணி, 9-ஐ அடித்து 57 என்று எழுதினார். பிறகு சின்னப்பாப்பாவிடம் கேட்டார்: "சோத்துக்கு மட்டும்தான் வர்றாங்களா?"

அது என்னைப் பார்த்தது. நான் தரையைப் பார்த்தேன்.

"சோத்துக்குத்தாம்மா வருதுங்க. துன்னு முடிச்சதும் வாத்தியார் கதவைச் சாத்திக்குவாரு. அஞ்சு மணி வரைக்கும் பாடம். புளி முடியற வரைக்கும் அப்டித்தான். எழுதிடாதீங்கம்மா."

உள்ளே வாய்ப்பாடு தொடங்கிவிட்டது. அம்மா அதை நின்று கேட்டார். பிறகு எழுதியதை எங்களுக்கே படித்துக் காட்டினார்: "சாப்பாட்டு நேரத்தை அந்தந்த ஊரே வைத்துக்கொள்ளட்டும்." வாத்தியார் பேச்சே அதில் இல்லை. சின்னப்பாப்பா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டது.

ஜீப்பருகே வந்ததும், "பம்ப் இருக்கா? இல்ல, அதையும் ஒளிச்சுட்டீங்களா?" என்றார். நான் காற்றை இறக்கியதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். "இவ்வளவு பாடுபடுறீங்கன்னா யாரோ வரணும்னு தெரிஞ்சுது. அதான் தராசைப் பைக்குள்ள எடுத்து வைக்கல."

ரயில் போயே போய்விட்டது. நாலு மணி பஸ்ஸில் இறங்கினோம்.

டில்லியில் அந்த வரியைப் படித்தார்களோ என்னவோ. எழுதவைத்தது நான்தான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன். போகிறவர்களுக்கு ஒன்று: மலையில் எந்தப் பள்ளிக்கூடத்தையும் உங்கள் பஸ் நேரத்துக்குப் பார்க்காதீர்கள். சோற்று நேரம் எது என்று சமையல்காரியிடம் கேட்டுவிட்டு, திரும்பும் டிக்கெட்டை மறுநாளைக்கு எடுங்கள். டயருக்குப் பம்ப் கட்டாயம்.