மஞ்சள் போத்தலுக்குள் சாயத்தண்ணி

1. ஹாலி-எல மேசை

ரோட்டுப் போட்டியில் தண்ணீர் மேசையைப் பார்த்துக்கொள்வது சின்ன வேலை என்று நினைக்கிறவர்கள் ஒரு தடவை அந்த மேசைக்குப் பின்னால் வந்து நிற்க வேண்டும். ஓடுகிறவர் கண்மூடித் திறப்பதற்குள் தாண்டிப் போய்விடுவார். சரியான போத்தலை, சரியான உயரத்தில், மூடியைத் தளர்த்தி நீட்ட வேண்டும். நான் ஒவ்வொரு போத்தலையும் இரண்டு தடவை சரிபார்ப்பேன்.

தொண்ணூறுகளின் கடைசிப் பக்கம், எங்கள் மலைநாட்டில் வெலிமடையிலிருந்து பதுளைக்கு வருகிற போட்டி. எங்கள் மேசை ஹாலி-எலயில். பெண்களில் முதலாவதாக எங்கள் ஸ்டெல்லா வந்தாள். மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பிள்ளை. மஞ்சள் போத்தலை நீட்டினேன். வாங்கி இரண்டு மிடறு குடித்தாள். ஓடியபடியே திருப்பி எறிந்தாள். மூடி கழன்று போத்தல் பறந்தது. பக்கத்து மேசையில் நின்ற கோச்சுடைய வெள்ளைக் காற்சட்டையில் மிச்சம் முழுக்கக் கொட்டியது.

அவர் இன்னொரு கிளப்புக்கு ஓட்டம் பழக்குகிறவர். எல்லோரும் மாஸ்டர் என்போம். குனிந்து பார்த்தார். விரலில் தொட்டு மோந்து பார்த்தார்.

"என்ன தங்கராசு இது? போத்தல்ல மோல்ட்டுன்னு எழுதியிருக்கு. மோல்ட்டுன்னா பால் நெறத்துல இருக்கணும். இது கறுப்பா இருக்கு. இஞ்சி வாடை வேற! என்னத்தப்பா கலக்கிக் குடுக்குறீங்க அந்தப் புள்ளைக்கு?"

"சாயத்தண்ணி மாஸ்டர்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். என்னால் சொல்ல முடியாது. ஏன் என்று அடுத்ததில் சொல்கிறேன். "ஒன்னுமில்லைங்க, ஒன்னுமில்லைங்க" என்று சொல்லிக்கொண்டு நான் மேசையைத் துடைத்தேன். அந்தத் துடைப்புத்தான் எங்களைக் காட்டிக்கொடுத்தது. ஸ்டெல்லா ஓடிப்போய்ப் பதுளையில் முதலாவதாக வருவதற்குள் கதை மோட்டார் சைக்கிளில் அவளை முந்திப் போய்விட்டது.

2. சலூனிலிருந்து வேனுக்கு

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சலூனில் வேலை. முடி வெட்டியதை விடத் தலைக்கு எண்ணெய் வைத்துப் பிடித்துவிட்டதுதான் அதிகம். பாலில் கலக்கிக் குடிக்கிற மோல்ட் மா விற்கிற ஒரு பெரிய கம்பனியின் ஊவாப் பகுதி மனேஜர் குகதாசன் சேர் அங்கே முடிவெட்ட வருவார். யாழ்ப்பாணத்து ஆள். கம்பனி அப்போதுதான் ஓட்டக்காரர்களுக்கு ஸ்பொன்சர் பண்ண ஆரம்பித்திருந்தது.

ஒருநாள் கழுத்தைப் பிடித்துவிடும்போது கேட்டார்: "காலும் பிடிப்பீரோ?"

"பிடிப்பேங்க. ஆனா ஓடுற கால்னா பயமா இருக்குங்க. எசகுபிசகா ஏதாச்சும் ஆயிட்டா?"

"அந்தப் பயம்தான் எனக்கு வேணும். போத்தில் பையைக் காக்கிறவனுக்குப் பயம் இருக்கோணும். பயமில்லாதவன் பையை வச்சிட்டு பீடி பத்தப் போயிடுவான்."

அப்படித்தான் கம்பனியின் ஓட்டக்காரர்கள் போகிற வேனில் ஏறினேன். கால் பிடிப்பது, ஐஸ் வைப்பது, போத்தல் நிரப்புவது, பையை விட்டு அசையாமல் இருப்பது. அதோடு நானாக ஒரு சட்டமும் போட்டேன்: குளிசையோ பாணி மருந்தோ, விழுங்குவதற்கு முன்னால் எனக்குக் காட்ட வேண்டும். மருந்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஊக்க மருந்துச் சோதனை என்று ஒன்று இருக்கிறது, சளி மருந்து குடித்தவர்கள்கூட அதில் மாட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அது போதும் எனக்கு, தூக்கம் போக.

ஸ்டெல்லா சிரிப்பாள். "ராசண்ணே, நன்னாரி வேரு தின்னேன். காட்டணுமா? முழுங்கிட்டேனே!"

அந்த ஸ்டெல்லாதான் கம்பனிக் கலண்டரில் இருந்தாள். கையில் மோல்ட் கோப்பை, 'என் ஓட்டத்தின் பலம்' என்று பெரிய எழுத்து. ஆனால் அவளுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. மோல்ட் குடித்தால் பாதி வழியில் புதர் தேடுவாள். அவள் வீட்டு வழக்கப்படி, தோட்டத்தில் கொடுக்கிற தேயிலைத் தூளைக் கெட்டியாகக் கொதிக்க வைத்து, இஞ்சி தட்டிப் போட்டு, ஒரு சிட்டிகை உப்பும் கொஞ்சம் சக்கரையும் சேர்த்த, பால் விடாத சாயத்தண்ணி. மலைக்கு ஏறும்போது அவள் அம்மா குடித்தது அது. போட்டியிலும் அவளுக்கு அதுதான்.

சேருக்கு இது தெரியும். முதல் போட்டியிலேயே சொன்னேன்.

"உள்ளுக்கு என்ன எண்டு படத்தில தெரியாது. மஞ்சள் போத்தில் தெரிஞ்சாக் காணும். ஆருக்கும் சொல்லவேண்டாம்" என்றார்.

இப்போது புரியும் நான் ஏன் மேசையைத் துடைத்தேன் என்று.

3. தடை செய்த தேத்தண்ணி

கதை பலவிதமாகப் பரவியது. காட்டு மூலிகை என்றார்கள் சிலர். இந்தியாவிலிருந்து வருகிற ஊசி மருந்தைக் கரைத்துக் கொடுக்கிறார்கள் என்றார்கள். அவள் அந்த வருஷம் நன்றாக முன்னேறியிருந்ததும் சேர்ந்துகொண்டது. கொழுந்துக் கூடையை முதுகில் போட்டுக்கொண்டு அந்த மலையில் ஏறி இறங்கியவள் சமதளமான ரோட்டில் முன்னேறுவதில் என்ன அதிசயம்? ஆனால் அதைச் சொல்ல ஆளில்லை. கொழும்பில் நடக்கிற அடுத்த போட்டியில் அவளைக் கட்டாயம் சோதிக்க வேண்டும் என்று மாஸ்டர் எழுதிக் கொடுத்தார். அந்தப் போட்டியில்தான் வெளிநாட்டுக்குப் போகிற அணியைத் தெரிவு செய்வார்கள்.

குகதாசன் சேர் வேகமாக வந்தார்.

"இஞ்ச பாரும், விசாரிச்சனான். தேயிலையில கஃபீன் எண்டு ஒரு சாமான் இருக்காம். அளவுக்கு மிஞ்சினா அதுவும் தடை. இண்டையில இருந்து பிள்ளைக்குத் தேத்தண்ணி கிடையாது. மோல்ட் மட்டும். போத்திலைப் பற்றிக் கேட்டா, மோல்ட் எண்டே சொல்லுங்கோ. விளங்கிச்சோ?"

"தேத்தண்ணி குடிச்சவ ஓடக்கூடாதுன்னா மடுல்சீமையில ஒருத்தியும் ஓட முடியாது சேர்" என்றாள் ஸ்டெல்லா.

"பகிடி விடாதேயும் பிள்ளை. என்ர வேலையும் இதில இருக்கு."

நிறுத்தினாள். சின்ன வயதிலிருந்து குடித்ததை ஒரேயடியாக நிறுத்தினாள். மறுநாளே தலையிடி பிடித்துக்கொண்டது. கண்ணைத் திறக்க முடியவில்லை. மோல்ட் தன் வேலையைக் காட்டியது. பயிற்சியில் ஹாலி-எல ஏற்றத்தில் நடந்தே வந்தாள். அவளோடு ஓட்டம் பழகுகிற பையன்கள் "என்னடி, மருந்து தீந்துபோச்சா?" என்று கேட்டார்கள். விளையாட்டுக்குத்தான் கேட்டார்கள். அவள் அழுதுவிட்டாள். நான் அவள் அழுது பார்த்தது அன்றைக்குத்தான்.

அன்றைக்குக் கால் பிடிக்கும்போது இடுப்பு முடிச்சிலிருந்து ஒரு குளிசை மட்டையை எடுத்து என் முன்னால் போட்டாள்.

"இந்தாங்க. உங்க சட்டம். தலையிடிக்கு எங்கம்மா கடையில வாங்கிக் குடுத்திச்சு. முழுங்கட்டா?"

"கொஞ்சம் பொறு தாயி."

"எதுக்குத்தான் பொறுக்கிறது ராசண்ணே? தலை வெடிக்குது!"

மட்டையைத் தூக்கிக்கொண்டு பாமசிக்கு ஓடினேன். பாமசிக்காரர் கண்ணாடியைத் தள்ளிவிட்டுப் பார்த்தார்.

"நல்ல குளிசைதானே? தலையிடிக்குக் கெதியா கேக்கும். கஃபீன் கலந்திருக்கு."

யாரோ வாங்கிப் பக்கத்தில் வைத்திருந்த அரிசி மூட்டையில் உட்கார்ந்துவிட்டேன். தேயிலையில் இருக்கிறது என்று எதை நிறுத்தினோமோ, அதை நிறுத்தியதால் வந்த தலையிடிக்கு மருந்தாக அதையே மறுபடி உள்ளே அனுப்பப் பார்த்தோம்.

"என்ன, ஒங்களுக்குத் தலையிடியா?" என்று கேட்டார் பாமசிக்காரர்.

"இப்பதான் ஆரம்பிக்குதுங்க" என்றேன்.

4. கொமியூனிகேஷன் கடை

பயந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கேட்டால் கெட்ட பதில் வந்துவிடுமோ என்று யாரிடமும் கேட்கவே மாட்டோம். அன்றைக்குப் பயம் அந்தப் பழக்கத்தையும் மீறிப் போய்விட்டது. பஸ் ஸ்டாண்டில் இருந்த கொமியூனிகேஷன் கடைக்குப் போய், கொழும்பில் சோதனைக்குப் பொறுப்பான டொக்டர் அம்மாவை லைனில் பிடித்துத் தரச் சொன்னேன். சலூன் வேலையில் சிங்களம் நன்றாக வரும். சிங்களத்தில்தான் பேசினோம்.

"டொக்டர், ஓடுகிற பிள்ளை தேத்தண்ணி குடிக்கலாமா?"

"எங்கேயிருந்து பேசுகிறீர்கள்?"

"பதுளையிலிருந்து."

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். "பதுளையிலிருந்தா தேத்தண்ணி குடிக்கலாமா என்று கேட்கிறீர்கள்? குடிக்கட்டும். வழமையாகக் குடிக்கிற தேத்தண்ணியில் அந்த அளவு வராது. ஆனால் குளிசைகளைக் கண்டபடி போடவேண்டாம். இன்னொன்று கேளுங்கள். நாங்கள் என்ன கேட்டாலும் உள்ளதைச் சொல்லவேண்டும். குடித்தது பிழையில்லை. மறைத்தால்தான் நானும் சந்தேகப்படுவேன்."

வந்து ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவள் எழுந்து அடுப்பில் கேத்தலை வைத்தாள். பாதிக் கோப்பை குடித்த பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சரிங்கண்ணே. உள்ளதைச் சொன்னா கம்பனி என்னை வச்சுக்குமா?"

உள்ளதைச் சொன்னால் கலண்டர் பொய்யாகிவிடும். சொல்லாவிட்டால் அவள் பெயர் கறுப்பாகவே இருக்கும். சேரிடம் போன் எடுத்ததைச் சொல்லும் தைரியமும் வரவில்லை.

5. கதவருகில்

கொழும்பில் இரண்டாவதாக வந்தாள். அணிக்கு அது போதும். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் சோதனைக்காரர்கள் கூடவே நடந்து வந்து அறைக்குக் கூட்டிப் போனார்கள். கம்பனி ஜக்கெட்டோடு குகதாசன் சேரும் உள்ளே போனார். "போத்தல் வைத்திருக்கிறவரும் வரட்டும்" என்று குரல் கேட்டது. பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கதவருகில் நின்றேன்.

டொக்டர் அம்மா ஸ்டெல்லாவைப் பார்த்துக் கேட்டார். "மஞ்சள் போத்தலில் கறுப்பாக ஏதோ இருந்ததாக முறைப்பாடு வந்திருக்கிறது. அது என்ன?"

சேர் முந்திக்கொண்டார். "அது எங்கட கம்பனிப் பானம் தான், டொக்டர்—"

"சாயத்தண்ணிங்க" என்றாள் ஸ்டெல்லா.

சேர் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

"இஞ்சி தட்டிப் போட்டு, ஒரு கல் உப்பு. போத்தல் கம்பனியோடது. உள்ள இருக்கிறது எங்க வீட்டுது. இன்னைக்கும் அதான் குடிச்சேன்."

டொக்டர் அம்மாவுக்குத் தமிழ் கொஞ்சம் விளங்கும். என் பையிலிருந்த போத்தலை வாங்கித் திறந்து மோந்து பார்த்தார். என் பக்கம் திரும்பினார். "பதுளையிலிருந்து போன் எடுத்தது நீங்கள்தானே?"

தலையாட்டினேன். சேர் இப்போது என்னைப் பார்த்தார்.

6. பெரகலைச் சந்தி

திரும்பி வரும் வழி முழுக்க நான் வேனில் கடைசிச் சீட்டில் ஒதுங்கியிருந்தேன். என் வேலை போய்விட்டது என்று முடிவு செய்து, சலூன் முதலாளியிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். பெரகலைச் சந்தியில் சேர் வேனை நிறுத்தச் சொன்னார். இறங்கி, தேத்தண்ணிக் கடை வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"தங்கராசு, எல்லாருக்கும் பிளேன்டீ சொல்லும். எனக்கும்."

அந்தச் சாயத்தண்ணியைக் குடித்து முடித்த பிறகு சொன்னார்: "எனக்குச் சொல்லாமல் போன் எடுத்தது கோபம்தான். ஆனா எனக்குச் சொல்லியிருந்தா நான் விட்டிருக்கமாட்டன். பிள்ளையும் பொய் சொல்லி மாட்டியிருக்கும். என்னாலதான்." பிறகு ஸ்டெல்லாவிடம், "கெட்டிக்காரி. என்ர கதையைத்தான் முடிச்சுப்போட்டீர்" என்று சிரித்தார்.

அவர் சொன்ன அந்த முடிப்பு ஒன்றும் பெரிதில்லை. தலைமை அலுவலகம் அவரை மொனராகலைக்கு மாற்றியது. "அந்த வெய்யிலுக்குள்ள சுடச்சுட மோல்ட் ஆர் குடிக்கப்போகினம்?" என்று சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச காலத்தில் திரும்பி வந்துவிட்டார். சோதனை முடிவு சுத்தமாக வந்தது. ஸ்டெல்லா வெளிநாடு போய் ஓடிவிட்டு வந்தாள். மோல்ட் கம்பனி அடுத்த வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. காலுக்குச் சப்பாத்துச் செய்கிற ஒரு கம்பனி அவளை எடுத்தது. "இது நல்லதுண்ணே. சப்பாத்துக்குள்ள சாயத்தண்ணியை ஒளிச்சு வைக்க முடியாது" என்றாள். நானும் அவளோடு அந்த வேனுக்கு மாறினேன். சில வருஷத்தில் கஃபீனையே தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது இரண்டு பேரும் நடு ரோட்டில் நின்று சிரித்தோம்.

சோதனை முடிவு வந்த பிறகு ஒரு போட்டியில் மாஸ்டர் என் மேசைக்கு வந்தார். அதே வெள்ளைக் காற்சட்டை. தொடையில் பழுப்பாக ஒரு பெரிய கறை.

"பாரு தங்கராசு, என் சம்சாரம் எத்தனையோ தடவை துவைச்சுப் பாத்துட்டா. போகவே மாட்டேங்குது. ஊசி மருந்துன்னா இப்படியா கறை புடிக்கும்? அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும், தேத்தண்ணிக் கறைன்னு."

"அப்பவே நான் சொல்லியிருக்கணுங்க மாஸ்டர்" என்றேன். போத்தலை நீட்டினேன். வாங்கிக் குடித்தார். "இஞ்சி கொஞ்சம் கூட" என்றார்.

இந்த வேலைக்கு வருகிற தம்பி தங்கச்சிகளுக்கு நான் சொல்வது இதுதான். பயமாக இருந்தால் பயப்படுங்கள், அதில் வெட்கமில்லை. ஆனால் அந்தப் பயத்தை வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு மேசையைத் துடைக்காதீர்கள். பதில் தெரிந்தவரிடம் கொண்டுபோய்க் கேளுங்கள். ஸ்டெல்லா இப்போது பதுளையில் பிள்ளைகளுக்கு ஓட்டம் பழக்குகிறாள். அவளிடம் வருகிற பிள்ளைகள் குளிசை மட்டையோடு என்னிடம் வருகிறார்கள். எனக்கு இன்றைக்கும் மருந்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. மட்டையை வாங்கிக்கொண்டு பாமசிக்குப் போகிறேன். என்னைக் கண்டதும் பாமசிக்காரர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டுத்தான் மட்டையை வாங்கிப் பார்க்கிறார்.