சுபர்த்தியம்மாவின் மன்னிப்பு

சுபர்த்தியம்மா கதவில் இடித்துக்கொண்டால் கதவிடம் மன்னிப்புக் கேட்பார். இந்தோனேசியாவில் எங்கள் செமாராங் ஊரில் பணிவு பஞ்சமில்லாத சரக்குதான். ஆனாலும் அவரளவுக்கு யாரையும் நான் பார்த்ததில்லை. மருந்துக் கிடங்கில் கணக்கெழுதும் வேலை. வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பித்தால்தான் சோறு. வீட்டுக்காரரின் சிறுநீரக வைத்தியமும் கம்பெனிக் காப்பீட்டில்தான் ஓடியது. இந்த வருடம் ஒப்பந்தம் இன்னும் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து, கம்பெனி இணையதளத்தில் ஊழியர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கவனிக்கும் வேலை எனக்கு வந்தது. திரையையும் குரலையும் பதிவு செய்வேன்.

"சோதனை உங்களுக்கில்லம்மா, தளத்துக்குத்தான். பேரு வெளிய வராது."

"ஃபெயிலானா மேனேஜர் ஹர்தோயோ ஐயாவுக்குப் போகுமா, தங்கச்சி?"

"போகாது," என்றேன்.

லீவு கேட்கும் பக்கத்தைத் தேடச் சொன்னேன். ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்தார். தப்பான பக்கம் திறக்கும்போதெல்லாம் திரையைப் பார்த்து, "மன்னிச்சுக்கோங்க." கடைசிவரை கிடைக்கவில்லை. எழுந்தபோது நாற்காலி கிரீச்சிட்டது. அதற்கும் ஒரு மன்னிப்பு.

பதிவிலிருந்து பெயரை அழித்தேன். குரலை என்ன செய்ய? தளத்தைப் பற்றி அறிக்கை கொடுக்கப் போனபோது, மேலாளர் ஹர்தோயோ பதிவையே போட்டுக் காட்டச் சொன்னார். மூன்றாவது மன்னிப்பிலேயே சிரித்துவிட்டார்.

"நம்ம சுபர்த்தில்ல இது? ஒரு லீவு போடத் தெரியல. ஒப்பந்தத்துக்கு யோசிக்கத்தான் வேணும்."

 என் வார்த்தையை நம்பி உட்கார்ந்த மனுஷி. அவர் குடும்பமே என்னால் தெருவுக்கு வந்துவிடுமோ என்று பயந்தேன். பயத்தில்தான் அந்தத் துணிச்சலும் வந்திருக்க வேண்டும். மவுஸை மேலாளர் பக்கம் நகர்த்தினேன்.

"ஐயா, நாளைக்கு உங்களுக்கு லீவு வேணும்னு வைங்க. நீங்களே போட்டுக் காட்டுங்களேன்."

அவருக்கு எப்போதும் செயலாளர்தான் லீவு போடுவார். சிரித்தபடியே தொடங்கினார். ஒரு பக்கம். இன்னொரு பக்கம். சிரிப்பு நின்றது. திரும்பவும் முதல் பக்கமே வந்து நின்றபோது, தாழ்ந்த குரலில் திரையிடம் சொன்னார்:

"மன்னிக்கணும்."

 அவர் காது சிவந்திருந்தது.

"தளத்த மாத்துங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது கையெழுத்தாகி வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

வந்த அன்று சுபர்த்தியம்மா தெம்பே என்ற சோயா வறுவலோடு என் மேசைக்கு வந்தார்.

"அப்போ நான் பாஸா, தங்கச்சி?"

"நீங்க பாஸும்மா. தளந்தான் ஃபெயில்."

அவர் முகம் வாடியது. என் கணினியைப் பரிவோடு பார்த்தார்.

"ஐயோ பாவம்," என்றார். "என்னாலதானே?"