விரிப்புக்குள் இருந்த ஊசி

நான் வேலை பார்ப்பது ஒரு லாண்டரியில். வீட்டுத் துணிகள் அங்கே வராது. திருவனந்தபுரத்தில் உள்ள சில தனியார் ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் தியேட்டரில் உடுத்தும் பச்சை அங்கி, இவைதான் வேன் வேனாக வந்து இறங்கும். கணக்கு எழுதச் சேர்ந்தவள், போகப்போக மேற்பார்வைக்கு வந்துவிட்டேன். வலியசாலையில் எங்கள் தெருக்காரர்கள் நான் ஏதோ கம்பெனி ஆபீஸில் உட்கார்ந்திருப்பதாக நினைக்கிறார்கள். நானும் திருத்தியதில்லை. சாயங்காலம் வீட்டு வாசலில் கால் வைத்ததும் என் கணவர், "வெந்நீர் போட்டிருக்கேன், குளிச்சுட்டு உள்ள வா" என்பார். கோபமாகச் சொல்வதில்லை. ரத்தக் கறை பட்ட துணிகளோடு நாள் முழுக்க இருந்துவிட்டு வருகிறேன் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் வேலையில் துவைப்பதை மெஷின் செய்துவிடும். பிரிப்பதுதான் கஷ்டம். மூட்டைகளை அவிழ்த்து, ரத்தம் பட்டது தனியாக, படாதது தனியாக என்று ஒவ்வொரு துணியையும் கையால் ஒதுக்க வேண்டும். மடிப்புக்குள் என்ன இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கத்தரிக்கோல் வந்திருக்கிறது. பல்செட் வந்திருக்கிறது. ஒருமுறை ஒரு கல்யாண மோதிரம் வந்தது. அடிக்கடி வருவது ஊசி.

பிரிக்கிற மேசையில் பாறசாலைப் பக்கத்திலிருந்து ரயிலில் வருகிற ஒருத்தி இருந்தாள். நாற்பதைத் தாண்டியவள், ஓயாமல் பேசுகிறவள். சர்ச் பாட்டுக் குழுவில் நடக்கும் சண்டைகளை அவள் சொல்லச் சொல்ல மற்ற பெண்கள் சிரித்துக்கொண்டே மூட்டைகளை முடித்துவிடுவார்கள். ஒரு நாள் காலை அவள் பேச்சு பாதியில் நின்றது. அதனால்தான் திரும்பிப் பார்த்தேன். ரப்பர் கையுறையைக் கழற்றிவிட்டு ஆள்காட்டி விரலைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே விரிப்பில் ஊசி கிடந்தது.

பிதுக்கக் கூடாது என்று சொல்லிக் குழாயடிக்கு இழுத்துப் போனேன். சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஒண்ணும் இல்லக்கா. முள்ளு குத்தின மாதிரியாக்கும். பொறவு பாத்துக்கலாம்" என்றாள். அவளுக்கு வேலை கெட்டுப் போகிறதே என்ற நினைப்பு. நான் ஆட்டோ பிடித்து அவளை உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

டாக்டர் முதலில் கேட்டது, அந்த ஊசி யார் உடம்பில் போட்டது என்பதைத்தான். பல வார்டுகளின் துணி ஒன்றாக வந்த மூட்டை. யாருக்குத் தெரியும்? தெரியாதபோது மோசமானதை, எச்.ஐ.வி. இருக்கலாம் என்று நினைத்துத்தான் மருந்து தொடங்க வேண்டும் என்றார் அவர். ஒரு மாதம் தினமும் மாத்திரை. அதற்கப்புறம் இடைவெளி விட்டு விட்டு ரத்தப் பரிசோதனை. அவை முடியும்வரை கணவனோடு சேரும்போது கவனமாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் மலையாளத்தில் பொறுமையாகச் சொன்னார். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"அக்கா, இத அவருகிட்ட நான் எப்படிச் சொல்ல? என்னப் பத்தி வேற வல்லதும் தப்பா நெனச்சிட்டாருன்னா? நீங்க வந்து சொல்லணும், கேட்டியளா."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். அவள் புருஷன் குத்தகைக்கு நிலம் எடுத்து வாழை போடுகிறவர். சர்ச்சுக்குப் போய் வந்த வேட்டியை இன்னும் மாற்றவில்லை. அவள் அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. முன்பின் தெரியாத ஓர் ஆணிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று ரயிலில் வரும்போதே யோசித்து வைத்திருந்தேன். சொல்லும்போது ஒன்றும் அந்த வரிசையில் வரவில்லை. இது தொழிலில் வந்த காயம், அவள் மேல் எந்தத் தப்பும் இல்லை என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

நான் முடித்ததும் அவர் கேட்டார்: "அந்த மாத்திரையத் திங்கிறது ஆகாரத்துக்கு முன்னயா, பொறவா?"

சாப்பாட்டுக்குப் பிறகு என்றேன். உள்ளே பார்த்து, அவளுக்குச் சோறு போடச் சொல்லி மகளிடம் குரல் கொடுத்தார். திரும்பி வரும்போது எனக்கு உடம்பெல்லாம் வலித்தது, நாள் முழுக்க மூட்டை தூக்கியவள் போல.

எங்கள் முதலாளி கெட்டவர் இல்லை. சிகிச்சைச் செலவை அவரே ஏற்றார். ஆனால் ஊசி வந்த ஆஸ்பத்திரியிடம் இதைப் பேசவே பயந்தார். புகார் சொன்னால் துணியை வேறு லாண்டரிக்கு அனுப்பிவிடுவார்கள், அங்கே இருக்கிற பெண்களுக்கும் இதே ஊசிதான் குத்தும் என்றார். அதுவும் நிஜம்தான். கனமான கையுறைகள் வாங்கிப் போட்டார். அவற்றுக்குள் வியர்வையில் கை வெந்தது, துணியின் மடிப்பு விரலுக்குத் தெரியவில்லை. பெண்கள் கழற்றுவதும் நான் போடச் சொல்லிக் கத்துவதுமாகப் பொழுது போயிற்று. எனக்கே என் குரல் பிடிக்காமல் போனது.

கடைசியில் முதலாளியிடம் சொல்லிவிட்டே அந்த ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸைப் போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். தங்கள் ஆட்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள் என்றார். சண்டை போடத் தெம்பில்லை. ஒரு நாள் காலையில் வந்து எங்களோடு மேசையருகே நின்று பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். வருவார் என்று நினைக்கவில்லை. வந்தார். மூக்கைப் பொத்தாமல் நின்றார். வெகுநேரம் ஒன்றுமே அகப்படவில்லை. வீணாக வரவழைத்துவிட்டேனோ என்று எனக்குக் கூச்சமாகிவிட்டது. அப்புறம் ஒரு தலையணை உறையை உதறியபோது குழாயோடு சேர்ந்து ஊசி விழுந்தது. அவர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

பயன்படுத்திய ஊசியைப் போடுகிற பெட்டி வார்டின் கோடியில் இருக்கிறது என்றார். ஒரு நோயாளிக்கு மூச்சுத் திணறும்போது, பக்கத்துக் கட்டிலில் இன்னொருவர் கூப்பிடும்போது, கையில் இருக்கிற ஊசியை அந்த நர்ஸ் பெண் எங்கே வைப்பாள் என்று என்னிடம் கேட்டார். தனக்குத்தானே கேட்டுக்கொண்டது போலவும் இருந்தது. அவர் கண்ணுக்குக் கீழேயும் கருவளையம்.

அதற்குப் பிறகு அந்த ஆஸ்பத்திரியில் மருந்துத் தள்ளுவண்டிகளிலேயே ஊசிப் பெட்டியைப் பொருத்தினார்கள். விரிப்பைச் சுருட்டும் முன் ஒரு தடவை உதறிப் பார்க்கச் சொன்னார்கள். நாங்களும் மூட்டைக்குள் கை விடுவதை நிறுத்தினோம். மேசையில் கொட்டி, ஓரத்தைப் பிடித்துத் தூக்கிப் பிரிப்பது என்றானது. எல்லாப் பெண்களுக்கும் மஞ்சள்காமாலைத் தடுப்பூசி போட முதலாளி ஏற்பாடு செய்தார். ஊசி வருவது குறைந்தது. நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். மற்ற ஆஸ்பத்திரிகளிலிருந்து இன்னும் வருகிறது. அவர்களிடமும் ஒவ்வொன்றாகப் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன்.

மாத்திரை சாப்பிட்ட அந்த மாதம் அவள் வாந்தி எடுத்துக்கொண்டே வேலைக்கு வந்தாள். லீவு எடுக்கச் சொன்னால் கேட்கவில்லை. வீட்டில் உட்கார்ந்தால் அதே நினைப்பாக இருக்கிறது என்றாள். துவைத்த துணியை மடிக்கிற பக்கம் அவளை மாற்றினேன். ரத்தப் பரிசோதனைக்குப் போகிற நாளெல்லாம் அவள் புருஷனும் கூட வருவார். உள்ளே வராமல் ஆஸ்பத்திரி மதிலோரம் நிற்பார். ஒருமுறை நானும் அவரோடு நின்றேன்.

"அவளுக்கு உறக்கம் இல்ல. நானும் கூட முழிச்சிருக்கேன். வேற என்ன செய்ய?" என்றார்.

கடைசிப் பரிசோதனையிலும் நோய் இல்லை என்று வந்தது. டாக்டர் சொன்னதை நம்பாமல் அவள் மறுபடி கேட்டாள். அவர் மறுபடி சொன்னார். வெளியே வந்து புருஷனிடம் சொன்னபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு டீ வாங்கப் போனார். சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். மூன்று பேருக்கும் அதற்குத் தெம்பு மிச்சமில்லை. டீயைக் குடித்தபடி அவள், "அக்கா, இனி என்னைய அந்த மேசைக்கு மட்டும் விடண்டாம்" என்றாள். விட மாட்டேன் என்றேன்.

ஆனால் அந்த இடம் காலியாக இருக்க முடியாதே. போன மாதம் விதுரா பக்கத்து மலையிலிருந்து ஒருத்தி வேலை கேட்டு வந்தாள். எஸ்டேட் வேலை இல்லாமல் போன குடும்பம். சேர்ப்பதற்கு முன்னால் நடந்தது எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். ஊசி, மாத்திரை, மாதக்கணக்கில் காத்திருந்தது எதையும் மறைக்கவில்லை. அவள் கடைசிவரை கேட்டாள்.

"வேலை வேணுங்க மேடம்" என்றாள்.

தடுப்பூசி போட்ட பிறகுதான் மேசைக்கு அனுப்பினேன். முதல் வாரம் முழுக்க நானும் கனமான கையுறையைப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் நின்று மூட்டை பிரித்தேன். கை வெந்தது.