மனைவி பேரில் ஒரு பென்ஷன்

"இது செல்லாதுண்ணே."

நான் நீட்டிய ரசீதைக் கையில்கூட வாங்காமல் சொன்னான் எங்கள் கம்பெனியின் கணக்குப் பிரிவு கிளார்க். ஓவர்டைம் பார்த்துக் கட்டிய பென்ஷன் திட்டத்தின் ரசீது அது. வீட்டுக்கடனுக்காகப் பழைய வரிமுறையில் இருந்தேன். இதையும் கழிக்காவிட்டால் மார்ச் சம்பளத்தில் வரி பிடிப்பார்கள். அந்தச் சம்பளத்தை நம்பித்தான் மகளின் கல்லூரியில் கட்டணத்துக்குத் தவணை கேட்டிருந்தேன்.

"ஏன் செல்லாது?"

"கணக்கு உங்க பொண்டாட்டி பேர்ல இருக்கு. உங்க பேர்ல இருந்தாதான் கழிக்க முடியும்."

"அவ பேர்ல போட்ட இன்சூரன்ஸை மட்டும் எடுத்துக்கிட்ட?"

"அது வேற, இது வேற. யாருண்ணே உங்களுக்கு இப்படிப் போடச் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. நான் வளர்ந்த தெருவில் பென்ஷன் என்றால் பெண்களுக்கு வருவது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாய்களாக இருந்த சொல்தாக்கள் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களுடைய விதவைகள் வாங்கினார்கள். என் மாமியாரும் வாங்குகிறார். எட்டாவதோடு பள்ளியை விட்ட எனக்கு வேறு பென்ஷன் தெரியாது. நெஞ்சில் லேசாகக் குத்தினாலே முடிவு வந்துவிட்டது என்று நினைக்கிறவன் நான். என் பேரில் போட்டு, நான் செத்து, பணம் யாருக்கும் இல்லாமல் போனால்? அந்தப் பயத்தில்தான் அவள் பேரில் போட்டேன்.

அதை அவனிடம் சொல்லியிருக்கக் கூடாது. பக்கத்து மேசைக்காரனைக் கூப்பிட்டான்.

"இங்க கேளுப்பா. அண்ணன் விதவை பென்ஷனுக்கு அட்வான்ஸ் கட்டியிருக்காரு!"

இருவரும் சிரித்தார்கள்.

"இதுக்குத்தாண்ணே நாமினின்னு ஒண்ணு வெச்சிருக்கான்."

"சிரிடா, நல்லா சிரி. வருஷ ஆரம்பத்துல பென்ஷன் கட்டுறீங்களான்னு கேட்ட, ஆமான்னேன். யார் பேர்லன்னு கேட்டியா?"

"அதுகூடத் தெரியாம கட்டுவீங்கன்னு நான் கண்டேனா?"

நெல்லித்தோப்பு வரைக்கும் வண்டியில் அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டில் நடந்ததைச் சொன்னதும் மனைவி அதற்கு மேல் என்னைத் திட்டினாள்.

"ஆபீஸ் பூரா என்னை தாலியறுத்தவளாக்கிட்டு வந்திருக்கீங்க. இனிமே உங்க பேர்லயே கட்டுங்க. நாமினியா எம் பேரைப் போட்டுடாதீங்க. எப்ப சாவீங்கன்னு காத்துக்கிட்டிருக்கேன்னு அதுக்கும் சிரிப்பானுங்க."

மார்ச்சில் பிடித்தார்கள். மகளின் கட்டணத்துக்கு மாமியாரின் பென்ஷனுக்குக் கை நீட்ட வேண்டியதாயிற்று. ரூபாயை என் கையில் வைத்தபடியே அவர் என் மனைவியிடம் சொன்னார்:

"செத்தவரு பணம் குடுக்கறாரு. உசுரோட இருக்கறவரு ரசீது குடுக்கறாரு."

வாங்கிக்கொண்டேன். நன்றி சொல்லவில்லை.