முப்பத்தேழாம் நம்பர் கால்

ஆம்பூரில் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் பாக்யலட்சுமிக்கு ஷூ கம்பெனியில் இரண்டு வேலை. மெஷினில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகம் தைப்பது ஒன்று, சம்பளம் அதற்குத்தான். கூப்பிடும்போது எழுந்து போய்ப் புது மாடலைக் காலில் மாட்டி நடந்து காட்டுவது இன்னொன்று. வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகும் பெண்களுக்கான ஷூவை முதலில் முப்பத்தேழாம் நம்பரில் செய்துதான் அங்கே சரிபார்ப்பார்கள். அந்த நம்பருக்கு வார்த்தெடுத்த மாதிரி கால் அந்த ஃப்ளோரில் அவளுக்குத்தான் இருந்தது. வெளிநாட்டு ஆட்கள் வந்தால் தரையில் குந்திக்கொண்டு அவள் விரல் நுனியை அமுக்கிப் பார்ப்பார்கள். இங்கே கடிக்கிறது என்று அவள் காட்டினால் அங்கே திருத்துவார்கள். அவள் முகத்தை யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

கொரோனா வந்து கம்பெனியைப் பூட்டினார்கள். பைபாஸில் லாரிச் சத்தம் நின்றுபோனது. பிறந்ததிலிருந்து மூக்கோடு ஒட்டிக்கிடந்த, தோல் பதனிடுகிற தோல் ஷாப்பு வாடையும் கொஞ்ச நாளில் காணாமல் போனது. ஷேர் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு வீட்டில் முடங்கிக் கிடந்த அவள் கணவன் வசந்த், மூச்சு விட சுகமாக இருக்கிறது என்றான். அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. கூடவே இருந்த ஆள் ஒருத்தர் சொல்லாமல் எழுந்து போய்விட்டது போல இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் முஸம்மில் வந்தான். கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைப் பார்த்துக்கொள்கிற பையன். முகத்தில் மாஸ்க், ஸ்கூட்டரில் ஒரு மூட்டை ஷூ.

"ஷூ வாங்குற பையர் யாரும் பிளேன் ஏற முடியாதுக்கா. அங்க கடையெல்லாம் மூடிட்டாங்க. ஜனங்க வீட்ல உக்காந்து போனத்தான் பாத்துக்கினு இருக்காங்க. இனிமே எல்லாம் இன்ஸ்டாகிராம்ல போட்டுத்தான் விக்கணுமாம். நீங்க மாடில நடங்க, நான் எடுக்கிறேன்."

மாடியில் வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொரு ஜோடியாக மாட்டி நடந்தாள். கடைசியில் அவளை ஸ்டூல் மேல் வெறுங்காலோடு நிற்க வைத்து, போனைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தான்.

"இது எதுக்கு சார்?"

"அங்க கம்ப்யூட்டர்ல ஏத்திக்குவாங்களாம். ஆடாம நில்லுங்கக்கா."

பக்கத்து மெஷின் கிறிஸ்டினாதான் போன் போட்டுச் சொன்னாள். "ஏய் பாக்யா, உன் கால பாத்தியாடி? ஊர் பேர் தெரியாத ஜனமெல்லாம் ஆர்ட்டின் போட்டுக்கினு கிடக்குது." பார்த்தாள். கணுக்காலுக்குக் கீழே மட்டும். குக்கர் ஆவி பட்டு வெந்த தழும்புகூட அப்படியே இருந்தது. வெட்கமும் சந்தோஷமுமாக வந்தது. "உன் கால் உலகம் சுத்துது, என் ஆட்டோ வாசல்ல கிடக்குது" என்று வசந்த் கேலி செய்தான்.

அடுத்து வந்த வீடியோவில் மழை பெய்துகொண்டிருந்தது. கல் பாவிய ஏதோ ஒரு தெரு. சிவப்பு ஷூவில் அவள் கால்கள் நனைந்துகொண்டு நடந்தன. அந்தத் தெருவை அவள் கண்ணால் கண்டதில்லை. அதற்கப்புறம் ஒரு கடற்கரை, பெரிய வீடொன்றின் கம்பளம், பனி கொட்டிய ஒரு பாலம். தழும்பு எல்லாவற்றிலும் இருந்தது. கம்ப்யூட்டர் வேலை என்று புரிந்துகொண்டாள். ஆனால் ஒரு நாள், கால்கள் ஒரு ஜன்னலோரம் நின்றன. வலது கால் ஷூவிலிருந்து மெல்லக் கழன்று, பெருவிரலால் இடது குதிகாலைச் சொறிந்துவிட்டு மறுபடி ஷூவுக்குள் போனது.

அவள் அடுப்பை அணைத்தாள். முஸம்மிலுக்குப் போன் செய்தாள்.

"அடுப்பாண்ட நிக்கும்போதுதான் சார் நான் அந்த மாதிரி சொறிவேன். மாடில சொறியவே இல்ல."

"நடுவுல கேமரா ஓடிக்கினு இருந்திருக்கும்க்கா. பேஜாராவாதீங்க" என்றான். சொன்ன குரலில் அழுத்தம் இல்லை.

அன்றிலிருந்து அடுப்படியில் நின்றால் சேலையைக் கால் மறைய இழுத்துவிட்டுக்கொண்டாள். அப்படி வெயில் காய்கிற காலத்திலும் காலைப் போர்வைக்குள் வைத்தே படுத்தாள். யார் கண்ணுக்குப் பயந்து என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

இரண்டாவது அலையில் அவளுக்கே வந்துவிட்டது. வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வசந்தை கேட்டுக்கு உள்ளே விடவில்லை. மூக்கில் குழாயோடு கிடந்தவளுக்கு முழங்காலுக்குக் கீழே உணர்ச்சியே இல்லை. விரலை ஆட்டு என்று மனசு சொன்னது, விரல் கேட்கவில்லை. நர்ஸ் ஒருத்தி காதில் போனை வைத்துப் பிடித்தபோது, வசந்த் அழுவது கேட்டது.

"உன்னப் பத்தி யாரும் சரியா சொல்ல மாட்டேங்கறாங்க பாக்யா. நம்ம தெருவுல நீ செத்துட்டேன்னு கூட பேசிட்டாங்க. நான் இங்க மரத்தடில உக்காந்து போன்ல உன் காலைத்தான் பாத்துக்கினு இருக்கேன். அது நடந்துச்சுன்னா நீ இருக்கேன்னு நெனச்சுக்கிறேன்."

அவள் மூச்சைச் சேர்த்துக்கொண்டு கேட்டாள். "இப்ப எங்க போவுது?"

"ஏதோ படிக்கட்டு. இறங்கிக்கினே இருக்குது."

"எது வரைக்கும்?"

"தெரியலம்மா. கீழ இருட்டா இருக்குது. அதோட முடிஞ்சிடுது."

"அத பாக்காதீங்க. மூடி வைங்க" என்றாள். அவன் சரி என்றான். மூடவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

பிழைத்து வந்தாள். மருந்தில் வீங்கிய கால் வீக்கம் வடிந்தும் பழைய அளவுக்கு வரவில்லை. கம்பெனி திறந்ததும் முஸம்மில் ஒரு புது மாடலைக் கொண்டுவந்தான். குதிகால் உள்ளே நுழையவில்லை. இன்ச் டேப்பை வைத்து அளந்துவிட்டுச் சுருட்டிக்கொண்டான்.

"பரவால்லக்கா. போட்டுப் பாக்கறதுக்கு வேற பொண்ண வெச்சுக்கலாம். படத்துக்குத்தான் உங்க கால் அவங்ககிட்ட இருக்குதே."

"அத எடுத்துடச் சொல்லுங்க சார். எனக்கு வேணாம்."

அவன் நல்லவன், அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்கு எழுதிக் கேட்டான். பதில் வந்தபோது அவள் மெஷினருகே வந்து நின்று, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "அது உங்க கால் இல்லையாம்க்கா. அவங்களா செஞ்ச காலாம். யார் காலும் இல்லையாம்."

பாக்யலட்சுமி தலையாட்டினாள். தைத்துக்கொண்டிருந்த தோலைத் திருப்பி மெஷினை மிதித்தாள்.

இப்போது தோல் ஷாப்பு வாடை திரும்பிவிட்டது. பைபாஸில் ரோட்டைக் கடக்க முடியவில்லை. அவள் தையல் வேலைக்கு மட்டும் போய்வருகிறாள். வசந்த் ஆட்டோ ஓட்டுகிறான். ஆனால் ஆஸ்பத்திரி மரத்தடியில் பிடித்த பழக்கம் அவனை விடவில்லை. காலையில் எழுந்ததும் முதலில் போனில் அந்தக் கால்களைப் பார்ப்பான், அப்புறம்தான் அடுப்படியில் நிற்கிறவளை. அவள் தடுப்பதில்லை. அவன் அங்கே எப்படி உட்கார்ந்திருந்தான் என்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடிகிறது.

போன மாதம் அந்த வெளிநாட்டுக் கம்பெனி நொடித்துப்போய் மூடிவிட்டதாக ஆம்பூரில் பேச்சு அடிபட்டது. மறுநாள் காலை வசந்த் பாயில் உட்கார்ந்தபடி போனைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தான். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"இன்னாங்க?"

"ஒண்ணுமில்ல. அந்த இன்ஸ்டாகிராம் பக்கமே காணோம்." அவன் நிமிர்ந்து அவளை வெகுநேரம் பார்த்தான். "உனக்கு உடம்பு நல்லாத்தான இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குது" என்றாள் பாக்யலட்சுமி. சொல்லிவிட்டு, கால் விரலை ஆட்டிப் பார்த்தாள். விரல் கேட்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.